நிறம் என்று ஒரு வரி

என் தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். போன மாதம் தங்கை அவளுடைய விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து, கணினியில் அடித்துத் தரச் சொன்னாள். பெயர், பிறந்த நாள், படிப்பு, வேலை, உயரம், உடன்பிறந்தோர் என்று வரிசையாக அடித்துக்கொண்டே வந்தேன். ‘நிறம்’ என்ற வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. தங்கை அதில் ‘மாநிறம்’ என்று எழுதியிருந்தாள்.

பிள்ளை மாநிறம் இல்லை. கறுப்பு. என்னைப்போல, எங்கள் அம்மாவைப்போல நல்ல கறுப்பு. பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளை முதலில் கையில் வாங்கியவள் நான். எனக்குத் தெரியாதா அவள் நிறம்?

அன்று அந்தத் தாளை முடிக்காமல் மூடிவைத்துவிட்டேன். ஒற்றைச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு யோசனை என்று தங்கை கேட்டாள். அவளுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

நான் செய்வது மொழிபெயர்ப்பு வேலை. கைப்பேசியிலும் கணினியிலும் ‘சேமி’, ‘நீக்கு’, ‘கடவுச்சொல் தவறு’ என்று தமிழில் வருகிறதே, அந்த வரிகளை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. கருங்கல்லில் வீட்டிலிருந்தபடியே செய்கிறேன். கருங்கல் என்பது எங்கள் ஊர்ப் பெயர்; குமரி மாவட்டத்துக் கிள்ளியூர் வட்டத்தில், பெரிய சந்தை கூடுகிற ஊர்.

2020 ஜூன் மாதம். ஊரடங்கு. வெளியே இடவப்பாதி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்று அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேலை தருகிற இடத்திலிருந்து ஒரு சொற்பட்டியல் வந்தது. ‘பிளாக்லிஸ்ட்’, ‘ஒயிட்லிஸ்ட்’ என்ற இரண்டு சொற்களும் இனி இல்லை. தடுப்பது, அனுமதிப்பது என்று நேரடியாகப் பொருள் தரும் சொற்கள் அந்த இடத்தில் வரும். எல்லா மொழிகளிலும் அதற்கேற்ப மாற்றிவிடவேண்டும் என்று அதில் இருந்தது. இங்கிலாந்து அரசின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் ஏப்ரல் கடைசியிலேயே இப்படிச் செய்யப்போவதாக அறிவித்திருந்தது. ஜூலையில் லினக்ஸ் இயங்குதளத்தை எழுதுகிறவர்களும் ஒத்துக்கொண்டார்கள். அக்டோபரில், மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்துவைக்கிற கிட்ஹப் தளம், புதிதாகத் தொடங்கும் களஞ்சியங்களில் ‘மாஸ்டர்’ என்று இருந்த முதன்மைக் கிளையின் பெயரை ‘மெயின்’ என்று மாற்றியது. அதில் நிறம் இல்லை. எஜமான், அடிமை என்ற பழைய வாடை இருந்தது.

என் கோப்புகளைத் தேடிப் பார்த்தேன். ‘கறுப்புப் பட்டியல்’ அறுபத்தொரு இடத்தில் இருந்தது. அவ்வளவும் நான் எழுதியவை. ‘இந்த எண் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.’ ஒவ்வொன்றாக ‘தடைப்பட்டியல்’ என்று மாற்றினேன். இருபதாவது இடத்துக்கு வந்தபோது ஒன்று புரிந்தது. புதிய வரி பழைய வரியைவிடத் தெளிவாக இருக்கிறது. என் அம்மா தன் கைப்பேசியில் ‘கறுப்புப் பட்டியல்’ என்று பார்த்தால் விழிப்பாள். ‘தடைப்பட்டியல்’ என்றால் யாரையோ தடுத்திருக்கிறார்கள் என்று விளங்கிக்கொள்வாள். இத்தனை வருடம் நான் தமிழ் எழுதவில்லை, ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன் என்று அன்று தோன்றியது.

எங்களோடு வேலை செய்கிற ஒரு தம்பி குழுவில் கோபமாக எழுதினான். “அக்கா, இது அமெரிக்காக்காரனின் பிரச்சினை. நம் ஊரில் கறுப்புப் பணம் என்று சொல்லும்போது யாராவது தோலை நினைக்கிறார்களா? எல்லாச் சொல்லையும் இப்படி மாற்றிக்கொண்டே போனால் கருப்பட்டியை என்ன செய்வீர்கள்? கருவாட்டை என்ன செய்வீர்கள்?”

நியாயமான கேள்வி. கருப்பட்டியை ஒன்றும் செய்யவேண்டாம். கருப்பட்டி, கருங்கல், கருமணல், கருங்குவளை எல்லாம் தங்கள் நிறத்தைச் சொல்லும் பெயர்கள். அவற்றில் எந்த அவமானமும் இல்லை. எங்கள் வீட்டில் கருப்பட்டி வாங்கினால் அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். விளிம்பை நகத்தால் சுரண்டி நாக்கில் வைப்பாள். வெளுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். “சீனி கலந்திருக்கிறார்கள்” என்பாள். அக்கானியை, அதாவது பதநீரை, சரியான பதத்துக்குக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் இந்த நிறம் வராது என்பது அவள் தீர்ப்பு. அவளுடைய கணக்கில், கருப்பட்டி வெளுத்திருந்தால் அதில் ஏமாற்று இருக்கிறது.

எனக்குச் சண்டை வேறு வகைச் சொற்களோடு. கறுப்புச் சந்தை, கறுப்புப் பணம், கறுப்புப் பட்டியல், கறுப்பு ஆடு. இவை எதுவும் நம் வயலிலோ கடலிலோ பிறந்தவை அல்ல. ஆங்கிலச் செய்தியை அவசரமாகத் தமிழாக்கியபோது வந்து ஒட்டிக்கொண்டவை. அந்தச் சந்தையில் எதுவும் கறுப்பாக இல்லை, அந்தப் பணத்திலும் இல்லை. ‘கெட்டது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு நிறத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

2016 நவம்பரில் ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஆயிரம் ரூபாய் நோட்டும் செல்லாது என்று அறிவித்தபோது, அம்மா அரிசிப் பானைக்குள்ளிருந்து ஏழு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்தாள். ஆடு விற்ற காசு. ஒவ்வொன்றையும் நான்காக மடித்து ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தாள். மடிப்பில் அரிசி மாவு வெள்ளையாகப் படிந்திருந்தது. வங்கி வாசலில் வெயிலில் இரண்டரை மணி நேரம் நின்றோம். எதிரில் ஒரு கடைத் தொலைக்காட்சியில் ‘கறுப்புப் பணம் ஒழிப்பு’ என்று எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா அதைக் கூட்டி வாசித்துவிட்டு, “கறுப்புப் பணம் என்றால் என்ன மக்களே?” என்று கேட்டாள். “கணக்கில் காட்டாத பணம் அம்மா” என்றேன். “அப்படிச் சொன்னால் போதாதா?” என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. சோதனை நடத்துகிற வருமான வரிக்காரர்கள் பற்றிய செய்தியில் ‘கணக்கில் வராத பணம்’ என்று நம் பத்திரிகைகளே எழுதுகின்றன. குற்றம் என்ன என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கறுப்பு ஆடு கதை இன்னும் வேடிக்கையானது. குழுவில் இருந்துகொண்டே துரோகம் செய்கிறவனைக் கறுப்பு ஆடு என்கிறோம். இங்கிலாந்தில் கம்பளி ஆடு வளர்த்தவர்களுக்குக் கறுப்பு ஆட்டின் மயிரில் சாயம் ஏறாது, விலை குறையும். அந்த வெறுப்பு அவர்கள் மொழியில் தங்கிவிட்டது. நமக்கு எதற்கு அது? அம்மா ஆடு வளர்த்தவள். கோயில் கொடை நெருங்கும்போது தோவாளைப் பக்கத்திலிருந்தெல்லாம் கருங்கிடாய் தேடி வருவார்கள். உடம்பில் ஒரு வெள்ளை மயிர் இருக்கக் கூடாது. குனிந்து குளம்புக்கு மேலே பார்ப்பார்கள், வால் நுனியைப் பார்ப்பார்கள், காதை மடக்கி உள்ளே பார்ப்பார்கள். முழுக் கறுப்பாக இருந்தால் அம்மா சொல்வதுதான் விலை. சுடலைமாடனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் பேரம் பேசமாட்டார்கள். நெற்றியில் ஒரு சுட்டி வெள்ளை இருந்துவிட்டால் அம்மாவுக்கு முகம் வாடிவிடும். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ‘கட்சிக்குள் கறுப்பு ஆடுகள்’ என்று செய்தி வாசிப்பதைக் கேட்கும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கருங்காலி என்ற சொல்லையும் இங்கே சேர்க்கவேண்டும். அம்மா பதினேழு வயதிலிருந்து அண்டி ஆபீஸில் வேலை செய்தவள். முந்திரி ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வறுத்த அண்டியைத் தட்டி உடைக்கும்போது ஓட்டிலிருந்து வருகிற எண்ணெய் கையைப் பொள்ள வைக்கும். விரல் நுனியெல்லாம் கறுத்துத் தடித்து, தோல் உரிந்து, மறுபடியும் கறுக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தேங்காய் எண்ணெய் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் நகத்தின் ஓரத்துக் கறுப்பு போகாது. ஞாயிற்றுக்கிழமை விசேஷ வீட்டுக்குப் போனால் அம்மா முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டே பேசுவாள்.

ஒரு வேலைநிறுத்தத்தின்போது கூலி உயர்வு கேட்டு அந்தப் பெண்கள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். பின்வாசல் வழியாக வேலைக்குப் போன சிலரைப் பார்த்து “கருங்காலி! கருங்காலி!” என்று கத்தினார்கள். எனக்குப் பத்து வயது இருக்கும். அம்மாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். கத்தினவர்கள் கையும் கறுப்பு, உள்ளே போனவர்கள் கையும் அதே எண்ணெயால் அதே கறுப்பு. அன்று அதை நான் கவனிக்கவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் முதலில் வருகிறது.

கருங்காலி நல்ல மரம். வைரம் பாய்ந்த கட்டை. எங்கள் வீட்டு உலக்கை கருங்காலி. பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது, பூண் மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறோம். அந்த மரத்தின் பெயர் வேலைநிறுத்தத்தை உடைக்கிறவனுக்கு எப்படி வந்தது என்பதற்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். கோடரிக்குக் காம்பாகி தன் இனத்தையே வெட்டச் செய்கிற மரம் என்பது ஒன்று. ஆங்கிலத்தில் இப்படிப்பட்டவனைக் ‘கறுப்புக் கால்’ என்பார்கள், அதை ஒட்டி வந்தது என்பது மற்றொன்று. எதுவானாலும் மரத்தின் மேல் பழி. இப்போது அதே கருங்காலியை மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அது வேறு கதை.

கறுப்புச் சந்தைக்குப் பதிலாகக் கள்ளச் சந்தை என்று எழுதலாமே, நம்மிடம் முன்பே இருக்கிற சொல்தானே என்று நான்தான் குழுவில் முதலில் சொன்னேன். எல்லை தாண்டிப் பாறசாலைக்கு அப்பால் போனால் மலையாளப் பத்திரிகையில் ‘கரிஞ்சந்த’ என்றும் ‘கரிம்பட்டிக’ என்றும்தான் இருக்கும். ஆனால் அவர்களும் பணத்துக்குக் ‘கள்ளப்பணம்’ என்கிறார்கள். எனக்கு அது மிகப் பிடித்திருந்தது. அப்போது உசிலம்பட்டிக்காரத் தோழி ஒருத்தி தனியாக அழைத்தாள். “உங்களுக்கு அது திருடன் என்ற சொல் மட்டும்தான். எங்களுக்கு அது எங்கள் பெயரும் ஆகும்” என்றாள். குற்றப் பரம்பரைச் சட்டத்தில் கள்ளர் சமூகத்தையே பிறவித் திருடர்கள் என்று எழுதிவைத்து, கைரேகை வைக்கச் சொல்லி, எதிர்த்தவர்களைப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். பதினாறு பேர் செத்தார்கள். அதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. செய்தி வாசிப்பதைப்போலச் சொன்னாள். நான் அந்தப் பரிந்துரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ‘பதுக்கல் வியாபாரம்’, ‘கூடுதல் விலைக்கு மறைத்து விற்றது’ என்று எழுதலாம். கொஞ்சம் நீளம்தான். இருந்தால் என்ன?

ஆங்கிலத்தின் தலையில் எல்லாப் பழியையும் போடவும் நான் தயாராக இல்லை. முகம் கறுத்துப்போனது என்கிறோம். கரிநாள் என்கிறோம். சொன்னது பலிக்கிறவனுக்குக் கரிநாக்கு என்கிறோம். காத்துக் கறுப்பு அண்டிவிட்டது என்று வேப்பிலை அடிக்கிறோம். இவை நம்முடையவைதான். இருட்டுக்குப் பயந்த மனிதர்கள் இருட்டை வைத்துச் செய்த சொற்கள். விளக்கு இல்லாத காலத்தில் ராத்திரி என்றால் என்ன என்பது நமக்கு இப்போது தெரியாது. அந்தச் சொற்களின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தொல்காப்பியத்தில் ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று இருக்கிறது. கறுத்தான் என்றாலும் சிவந்தான் என்றாலும் கோபப்பட்டான் என்று பொருள். இரண்டு நிறமும் ஒரே தட்டில் இருந்திருக்கின்றன. (அந்த நூல் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்கிறது. எங்கள் பக்கத்து விளவங்கோடு வட்டத்து அதங்கோடுதான் அவருடைய ஊர் என்பது இங்கே பலரும் பெருமையோடு சொல்வது.) திருமாலுக்கு மாயோன் என்று பெயர், கறுத்தவன் என்று பொருள். அதைச் சொல்லித்தான் கும்பிட்டார்கள்.

அப்படியானால் எங்கே கெட்டுப்போனது? வீட்டுக்குள் என்றுதான் சொல்வேன்.

குமரி மாவட்டத்தில் பிறந்த எந்தப் பெண்ணும் ‘நிறம்’ என்ற சொல்லை அகராதியில் உள்ளபடி கேட்டிருக்கமாட்டாள். “பிள்ளை நல்ல நிறம்” என்றால் வெளுத்த பிள்ளை. “அவளுக்கு நிறம் கம்மி” என்றால் கறுத்தவள். கறுப்பு என்பது நிறமே இல்லை, நிறம் இல்லாமை. என்னைக் கேட்டால், மாற்றவேண்டிய சொற்களில் முதலாவது இதுதான். கறுப்புப் பட்டியல் கணினிக்குள் இருந்தது. இது சமையலறையில் இருக்கிறது.

எனக்கு 1998இல் பெண் பார்க்க வந்தார்கள். ஒன்பது பேர், ஒரு வேன். அம்மா அதற்கு முந்தைய இரண்டு மாதமும் என் முகத்தில் பயற்றம்பருப்பு மாவும் கஸ்தூரி மஞ்சளும் பூசியிருந்தாள். சாயங்கால வெயிலில் முற்றத்துக்குப் போகவிடவில்லை. வந்தவர்கள் முறுக்கும் பழமும் சாப்பிட்டார்கள், காப்பிக்காகக் காத்திருந்தார்கள். பெரியவர் ஒருவர் அப்பாவிடம் மரியாதையாகத்தான் பேசினார். “பிள்ளையைப் பிடித்திருக்கிறது. படிப்பும் இருக்கிறது. நிறம்தான் கொஞ்சம் கம்மி. நீங்கள் ஒரு பத்துப் பவுன் கூட்டிப் போட்டால் எங்கள் பக்கத்திலும் வாயடைக்கலாம்.” நான் கதவுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. அப்பா எழுந்து நின்றார். “காப்பி வருகிறது, குடித்துவிட்டுப் போங்கள்” என்றார். வேறு ஒரு சொல் சொல்லவில்லை. அவர்கள் குடித்தார்கள், போனார்கள். அப்பா இறந்து பதினொரு வருடம் ஆகிறது. அந்த ஒரு வரிக்காகவே அவரைத் தினமும் நினைக்கிறேன்.

அந்த வாரம் மாமா என்னை மண்டைக்காட்டுக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேலை பார்த்தவர் அவர். அந்தக் கரையில் அலை வந்து திரும்பும்போது வெள்ளை மணலின் மேல் கறுப்பு மணல் கோடு கோடாகத் தங்கும். மத்தியானத்தில் அதன் மேல் கால் வைக்க முடியாது, அப்படிச் சுடும். மாமா ஒரு கைப்பிடி அள்ளி என் கையில் போட்டார். மற்ற மணலைவிடக் கனம். “இதில் இல்மனைட் இருக்கிறது. இதிலிருந்துதான் டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கிறார்கள். திருவனந்தபுரத்துக் கொச்சுவேளியில் அதற்கு ஆலை இருக்கிறது. சுவருக்கு அடிக்கிற வெள்ளைச் சாயம், முகத்துக்குப் பூசுகிற வெள்ளைப் பசை எல்லாவற்றிலும் அந்தப் பொடிதான்” என்றார். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்திருப்பார். அவருக்குத் தெரிந்தது வேலை விவரம், அதைச் சொன்னார். அதைவிட நல்ல ஆறுதல் எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. மணல் கையில் ஒட்டி, வீடு வந்து சேரும்வரை மினுங்கிக்கொண்டிருந்தது.

அதே 2020 ஜூலையில் ஃபேர் அண்ட் லவ்லி என்ற பெயரும் போனது. 1975இலிருந்து இருந்த பெயர். ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. நாலுமுக்குக் கடையில் இன்றும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். பெயரை மாற்றியதோடு வேலை முடிந்துவிடாது என்பதற்கு நான் இதைச் சொல்லவில்லை. மாற்றியதே பெரிய காரியம். அட்டையில் ‘வெளுத்தால் அழகு’ என்று அச்சடித்துத் தினமும் கண்ணாடி முன்னால் நிற்பதும், அச்சடிக்காமல் நிற்பதும் ஒன்றல்ல. பதினைந்து வயதில் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றவளுக்கு இது தெரியும்.

சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். ‘ஊனமுற்றோர்’ என்று பஸ்ஸில் எழுதியிருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது ‘மாற்றுத்திறனாளி’ என்பதை எங்கள் ஊர்க் கண்டக்டர் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொல்கிறார். திருநங்கை என்ற சொல் வருவதற்கு முன்னால் என்ன சொன்னோம் என்பதை இங்கே எழுதக்கூட எனக்கு மனம் இல்லை. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தச் சொல்லில் நிறம் இல்லை, சாதி இருந்தது. அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ‘எந்தக் காலனி?’ என்ற கேள்விக்குத் தலையைக் குனிந்தார்கள். நம் மொழி மாறுகிற மொழிதான். மாறாது என்று சொல்கிறவர்கள் அதைச் சந்தையில் கேட்காதவர்கள்.

தங்கை மகளிடம் வருகிறேன். அவளுக்கு ஆறு வயதில் பாட்டியின் படத்தை வரைந்தாள். முகத்துக்கு ஒரு இளஞ்சிவப்புக் கிரேயானை எடுத்தாள். “இது எதற்கு?” என்று கேட்டேன். “இதுதான் பெரியம்மா தோல் கலர். மிஸ் சொன்னார்கள்” என்றாள். அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனம் அந்தக் குச்சிக்குத் தோலின் நிறத்தைக் குறிக்க வைத்திருந்த ‘ஃபிளெஷ்’ என்ற பெயரை 1962லேயே எடுத்துவிட்டுப் பீச் பழத்தின் பெயரை வைத்துவிட்டது. நம் பிள்ளைகள் இன்னும் அதைத் தோல் நிறம் என்கிறார்கள். பக்கத்திலேயே பாட்டி உட்கார்ந்து புளி உரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பாட்டியைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள், அந்தக் குச்சியாலேயே வரைந்தாள்.

இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். விவரத்தாளில் அந்த வரியை அப்படியே எடுத்துவிடலாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். நிறம் என்ற ஒரு வரியே ஏன் இருக்கவேண்டும்? கல்யாணத் தளம் ஒன்றுகூட 2020இல் தோல் நிறத்தைத் தேர்ந்தெடுக்கிற வசதியை நீக்கிவிட்டதே. தங்கைக்குச் சம்மதமில்லை. “எடுத்துவிட்டால் மறைக்கிறோம் என்று நினைப்பார்கள் அக்கா. மாநிறம் என்று இருந்தால் கௌரவமாக இருக்கும்” என்றாள்.

மாநிறம். எவ்வளவு நாகரிகமான சொல். நான் உட்கார்ந்து யோசித்தேன். செய்தியில், திருட்டு என்று சொல்லவேண்டிய இடத்தில் கறுப்பு என்கிறோம். வீட்டில், கறுப்பு என்று சொல்லவேண்டிய இடத்தில் மாநிறம் என்கிறோம். பணத்துக்கும் சந்தைக்கும் துரோகிக்கும் அந்தச் சொல்லைக் கொடுத்துக் கொடுத்து, பிள்ளைக்குச் சொல்ல வாய் கூசுகிற அளவுக்கு ஆக்கிவைத்திருக்கிறோம். இதில் வேதனை என்னவென்றால், மா என்பதற்குப் பழந்தமிழில் கருமை என்று ஒரு பொருள் உண்டு. மாயோன், மால் எல்லாம் அங்கிருந்து வந்தவை. சங்கப் பாட்டில் பெண்ணின் மாமை என்று வியந்து பாடுவது, மாந்தளிர்போல மினுங்குகிற அந்தக் கறுத்த மேனியைத்தான். மறைக்க எடுத்த சொல்லுக்குள்ளேயே கறுப்பு இருக்கிறது.

விடுமுறைக்கு வந்த பிள்ளையிடமே கேட்டேன். இரவுப் பணி முடித்து வந்து, ஈரத் தலையோடு திண்ணையில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த வரியை எடுத்துவிடட்டுமா என்றேன்.

“எடுக்காதீர்கள் பெரியம்மா. கறுப்பு என்று எழுதுங்கள்.”

“எழுதலாமா?”

“வந்து பார்த்த பிறகு ஒருவர் முகம் மாறுவதைவிட, தாளிலேயே பார்த்துவிட்டு வராமல் இருக்கட்டும். எனக்கு லீவு மிச்சம்” என்றாள். பிறகு, “கறுப்பில் என்ன இருக்கிறது, நான் தினமும் ராத்திரி அத்தனை பேருக்கு ஊசி போடுகிறேன், யாரும் நிறம் பார்த்துக் கையை நீட்டவில்லை” என்றாள்.

அப்படியே அடித்தேன். நிறம்: கறுப்பு. வல்லின ‘று’ போட்டு, ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்த்து. தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தரகர் அழைத்தார். தங்கை கோயிலுக்குப் போயிருந்தாள். அம்மாதான் எடுத்தாள். அவளுக்குக் காது சற்று மந்தம். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவாள், ஆகவே நான் அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

“பாட்டி, தாளில் ஒரு பிழை இருக்கிறது. நிறம் என்ற இடத்தில் கறுப்பு என்று விழுந்திருக்கிறது.”

“பிழை இல்லை. பிள்ளை கறுப்புதான்.”

“மாநிறம் என்று நான் திருத்திக்கொள்கிறேனே.”

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் என் முகத்தில் மாவு பூசிய கை அது. விரல் நுனியில் இன்றும் அண்டி எண்ணெயின் கறுப்பு இருக்கிறது. அந்தக் கையால் கைப்பேசியை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

“கறுப்பு” என்றாள் மறுபடியும். கொஞ்சம் என்று முன்னால் சேர்க்கவில்லை, ஆனால் என்று பின்னால் சேர்க்கவில்லை.

தரகர் சரி என்றார். பிள்ளைக்கு இரவுப் பணி மாதத்தில் எத்தனை நாள், சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். அம்மா “அதை அவளிடமே கேளுங்கள்” என்று சொல்லி எண்ணைச் சொல்லத் தொடங்கினாள்.